காலந்தாழ்ந்து வந்த நீர்: சிறையாளர் மாண்பும் உலக விதிகளும்

குடவாயிற் கோட்டம்

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதையை இவ்வட்டத்து அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குப் பழையோர் எழுதிவைத்த குறிப்பு அதனைச் சில சொற்களில் கூறிவிடுகிறது. சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்ட சேரன், குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். கேட்டபொழுது கிடைக்கவில்லை. பின்னர்க் கிடைத்த நீரைக் கையில் ஏந்தியவன், அதனைப் பருகாமல் தன் நிலையைப் பாட்டாகச் சொல்லி உயிர் நீத்தான். பொய்கையார் களவழி பாடி அவனை மீட்டார் என்னும் மற்றொரு வழக்கும் உண்டு. இரண்டனுள் எது வரலாறு என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டா.

அப்பாட்டை நாம் மானத்தின் பாட்டாகவே படித்து வந்திருக்கிறோம். ஆயின் அக்கதையில் மன்னனைத் தவிர மற்றொருவனும் இருக்கிறான். அவன் சிறைக் காவலன். அவனைப் பற்றிப் பழைய குறிப்பு ஒன்றும் கூறவில்லை. அவன் ஏன் காலந்தாழ்த்தினான்? மேலிடத்துக் கட்டளையா, தோற்றவன்மீது கொண்ட இகழ்ச்சியா, வெறும் அசட்டையா? சிறைப்பட்டவனுக்கு நீர் தருவது காவலனின் அருளா, கடனா?

இக்கேள்விக்கு உலக நாடுகள் கூடி எழுத்தில் விடை கூறியது மிக அண்மைக் காலத்தில்தான். 1955இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்ற விதிகளுள் ஒன்று, சிறையாளர் ஒவ்வொருவருக்கும் வேண்டும்பொழுதெல்லாம் குடிநீர் கிடைத்தல் வேண்டும் என்கிறது. காவலன் விரும்பும்பொழுது என்றில்லை. கைதிக்கு வேண்டும்பொழுது என்றே அமைந்துள்ளது. ஒரு வரியில் அடங்கும் இவ்விதியும் இதன் உடன்பிறந்த விதிகளும் பிறந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவ்வரலாறு நெடுகிலும் ஓர் உண்மை தொடர்ந்து வருகிறது: சிறை விதிகள் திருந்திய ஒவ்வொரு கட்டத்திலும், உள்ளே கிடந்து பட்டவர் ஒருவரோ, உள்ளே சென்று கண்டவர் ஒருவரோ வாய் திறந்து பேசியிருக்கிறார்.

தாகம் அறிந்த ஒருவர்

1756ஆம் ஆண்டு லிஸ்பன் நகரம் நோக்கிக் கப்பலேறிய ஆங்கிலேயச் செல்வர் ஒருவர், வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கினார். பிரெஸ்ட் துறைமுகத்தை அடையும் முன்னர், நாற்பது மணிநேரத்திற்கும் மேலாக ஒரு துளி நீரும் அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்த கோட்டையில் ஆறு இரவுகள் வைக்கோலின்மீது படுத்துக் கிடந்தார். பின்னர் விடுதலை பெற்று ஊர் திரும்பிய அவருக்கு அத்தாகம் மறக்கவில்லை. அவர்தாம் சிறைச் சீர்திருத்தத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஜான் ஹோவர்ட்.

1773இல் ஹோவர்ட் பெட்ஃபோர்டு மாவட்டத்தின் ஷெரீப் பதவியை ஏற்றார். அப்பதவியில் அமர்ந்தவர் சிறையைத் தம் பொறுப்பில் உடையவர் எனினும், அதன் வாயிலை மிதிப்பது அக்கால வழக்கமன்று. ஹோவர்ட் மிதித்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்த பின்னரும் பலர் மீண்டும் சிறைக்கே இழுத்துச் செல்லப்படுவதை அங்கே கண்டார். காரணம், சிறைக் காவலருக்கு அரசு சம்பளம் கொடுக்கவில்லை. கைதிகளிடம் பெறும் கட்டணமே அவருடைய வருவாய். கட்டணம் செலுத்த வழியில்லாதவர், குற்றமற்றவரே ஆயினும், உள்ளே கிடக்க வேண்டியதுதான். காவலருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாமே என்று ஹோவர்ட் நடுவர்களிடம் கேட்டார். வேறு மாவட்டங்களில் அத்தகைய வழக்கம் இருந்தால் காட்டுக என்றனர் அவர்கள். முன்மாதிரி ஒன்றைத் தேடிக் குதிரையேறிப் புறப்பட்டவர், சென்ற இடமெல்லாம் அதே அநீதியைத்தான் கண்டார். ஒரு முன்மாதிரிக்காகத் தொடங்கிய அப்பயணம் அவர் சாகும்வரை முடியவில்லை.

அவருடைய முறை எளியது. அறையின் நீள அகலங்களை அளந்தார். சாளரம் உண்டா, நீர் உள்ளே வருகிறதா, உணவு எவ்வளவு கொடுக்கிறார்கள், கட்டணம் எத்தனை என்று கேட்டுக் குறித்தார். சிறையின் நாற்றம் ஆடையில் படிந்து, மூடிய வண்டியில் செல்ல முடியாதபடி ஆயிற்று. ஆகவே குதிரையிலேயே சென்றார். தூக்கு மேடையில் மடிவோரைவிடச் சிறைக் காய்ச்சலால் மடிவோர் மிகுதி என்பதை அவர் எடுத்துக் காட்டினார். 1774இல் நாடாளுமன்றம் அவருடைய சான்றினைக் கேட்டு இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, விடுவிக்கப்பட்டோரிடம் கட்டணம் பறிப்பதைத் தடுத்தது. மற்றொன்று, கைதிகளின் உடல்நலம் காக்க முற்பட்டது. 1777இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதில் அணிநயம் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். ஊர்ப் பெயர், அறை அளவு, கைதிகள் எண்ணிக்கை, உணவு அளவு என்று பக்கம் பக்கமாகச் செல்லும் நூல் அது. அவ்வறண்ட பட்டியலே ஐரோப்பாவின் மனச்சாட்சியைத் தொட்டது. 1790இல், அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த கெர்சான் நகரில், காய்ச்சலுற்று அவர் மறைந்தார்.

நல்லோர் கண்ட கொடுமை

தீமை ஒழிப்பதாகப் புறப்பட்ட சீர்திருத்தமே புதிய தீமையைப் பெற்றெடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1829இல் ஒரு பெருஞ்சிறை திறக்கப்பட்டது. நெரிசலும் நோயும் தீய கூட்டுறவும் மிகுந்த பழைய சிறைகளுக்கு மாற்றாக, ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தனியறை என்பது அதன் திட்டம். தனிமையில் இருந்தால் மனம் தன்னைத் தானே நோக்கும், குற்றத்துக்கு வருந்தும், இறைவனிடம் திரும்பும் என்று அதனை அமைத்த அருளாளர்கள் நம்பினர். வெளியே அழைத்து வரும்பொழுது கைதியின் முகம் முகமூடியால் மறைக்கப்பட்டது. பெயருக்குப் பதிலாக எண் வழங்கப்பட்டது.

1842இல் அச்சிறையைக் காணச் சென்றவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய தந்தையார் கடனுக்காக இலண்டன் சிறையொன்றில் அடைபட்டவர். சிறைக் கதவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை இளமையிலேயே அறிந்தவர் டிக்கன்ஸ். அமைப்பாளர்களின் நல்லெண்ணத்தை அவர் ஐயுறவில்லை. ஆயினும் மூளையின்மீது நாள்தோறும் மெல்ல மெல்ல நிகழும் அத்துன்பம், உடலை வதைக்கும் எந்தத் தண்டனையைவிடவும் கொடிது என்று தம் அமெரிக்கப் பயண நூலில் கண்டித்தார். உடலில் காயம் தெரியாதபடியால் உலகம் இரங்காது என்பதே அவருடைய அச்சம். அவர் எழுதிய பின்னரும் தனிமைச் சிறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பரவியது. அதற்கு ஒரு நாள் கணக்கை உலகம் வகுப்பதற்கு 173 ஆண்டுகள் ஆயின.

மாநாடுகளின் காலம்

சிறை என்பது ஒரு நாட்டின் உள்வீட்டுக் காரியம் என்று எண்ணியிருந்த அரசுகள், அதனைப் பற்றி ஒன்றுகூடிப் பேசத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்கரான ஈனாக் வைன்ஸ் என்பாரின் முயற்சியால் 1872இல் இலண்டனில் பன்னாட்டுச் சிறை மாநாடு கூடியது. அதன் வழியாக ஒரு நிலையான ஆணையம் பிறந்தது. அவ்வாணையம் முதல் உலகப் போருக்குப் பின்னர்க் கைதிகளை நடத்துதற்குரிய விதிகளைத் தொகுத்தது. சர்வதேச சங்கம் 1934இல் அவற்றை ஏற்று நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. எத்தகைய அரசாயினும் அதற்குக் கீழே இறங்கலாகாது என்னும் ஓர் எல்லைக்கோடு முதன்முறையாக உலக அளவில் வரையப்பட்டது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை வரலாற்றின் கேலி என்பதா, எச்சரிக்கை என்பதா? 1935இல் அவ்வாணையத்தின் மாநாடு ஹிட்லர் ஆட்சியின் கீழிருந்த பெர்லின் நகரில் கூடியது. டாக்கௌ வதைமுகாம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. உலகெங்கிலுமிருந்து வந்த சிறைத்துறை அறிஞர்கள் மண்டபத்தில் அமர்ந்து தண்டனையின் நோக்கம் பற்றி விவாதித்தனர். அதே நாட்டில் விசாரணையின்றி அடைக்கப்பட்டோர் முள்வேலிக்குள் நின்றனர். விதி எழுத்தில் இருப்பது வேறு, கதவைத் திறந்து பார்க்கும் கண் இருப்பது வேறு என்பதனை அந்த ஆண்டு காட்டிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களின் கதவுகள் திறந்தபொழுது வெளிப்பட்ட காட்சிகளே, மனித மாண்பு என்னும் சொல்லைப் பின்னாளைய எல்லா ஆவணங்களின் தலைவாயிலிலும் நிறுத்தின.

ஆணையத்தின் பணியை ஐக்கிய நாடுகள் அவை தன் பொறுப்பில் ஏற்றது. குற்றத் தடுப்பு பற்றிய அதன் முதல் மாநாடு, சிறையாளரை நடத்துதற்கான குறைந்தபட்ச விதிகளை 1955 ஆகஸ்டு 30 அன்று ஜெனீவாவில் ஏற்றது. பொருளாதார சமூக மன்றம் 1957இல் அதற்கு ஒப்புதல் வழங்கியது. குற்றச்சாட்டு எதுவுமின்றிப் பிடித்து வைக்கப்பட்டோருக்கும் பாதுகாப்பு உண்டு என்னும் விதி 1977இல் சேர்க்கப்பட, மொத்தம் 95 விதிகள் ஆயின.

அவ்விதிகளைப் படிப்போர் அவற்றின் சிறுமையைக் கண்டு வியப்பர். சிறுமை என்று நான் கூறுவது பொருளின் சிறுமையை. சாளரம் இயற்கை ஒளியில் படிக்கவும் வேலை செய்யவும் ஏற்ற அளவினதாதல் வேண்டும். படுக்கை தனியே வேண்டும். நாள்தோறும் ஒரு மணிநேரமேனும் திறந்த வெளியில் உலவ விடுதல் வேண்டும். சிறைதோறும் நூலகம் வேண்டும். இருட்டறையும் அடியும் கூடா. சங்கிலி பூட்டுதல் கூடாது. ஹோவர்ட் தம் குறிப்பேட்டில் அளந்தெழுதிய அதே பொருள்கள்தாம் இவை. இவற்றின் அடியில் ஒரு பெருங்கருத்து நிற்கிறது. ஒருவரின் விடுதலையைப் பறிப்பதே தண்டனை. அத்தண்டனையோடு மேலும் துன்பத்தைக் கூட்டுவதற்குச் சிறைக்கு உரிமை இல்லை. தண்டனை பெறுவதற்காகச் சிறைக்கு அனுப்பப்படுகிறார் என்று எண்ணும் நாட்டுக்கும், சிறைக்கு அனுப்பியதே தண்டனை என்று எண்ணும் நாட்டுக்கும் உள்ள தொலைவு பெரிது.

இவ்விதிகள் உடன்படிக்கை அல்ல. மீறிய அரசை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்துவதற்கு இவை மட்டும் போதா. 1966இல் ஆக்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைதான் தன் பத்தாம் பிரிவில், விடுதலை இழந்தோர் எல்லாரையும் மனிதத் தன்மையோடும் மாண்போடும் நடத்தும் கடமையை நாடுகளின்மீது சட்டமாகச் சுமத்தியது. இந்தியா 1979இல் அதனை ஏற்றது.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. தனியறையில் அடைத்தலையும் உணவைக் குறைத்தலையும் தண்டனையாக 1955 விதிகள் அனுமதித்தன. கைதியின் உடல் அதனைத் தாங்கும் என்று மருத்துவர் சான்றளித்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. நோய் தீர்க்க வேண்டிய மருத்துவரின் கையொப்பம் தண்டனைக்கு முத்திரையாயிற்று.

தென்னாப்பிரிக்க மண்ணில்

இவ்விதிகள் பிற்காலத்தில் யாருடைய பெயரைத் தாங்கினவோ அவருடைய நாடு, தமிழருக்கு முன்பே அறிமுகமானது. சுவாமி நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞன், டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் செய்து 1909 ஜூனில் பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றான். ஜூன் அம்மண்ணில் குளிர்காலம். சாலைப்பணி முகாம் ஒன்றில் வேலை வாங்கப்பட்ட அவன், மாத இறுதியில் சாகும் நிலையில் வெளியே வந்தான். ஜூலை 6 அன்று நுரையீரல் அழற்சியால் இறந்தான். நீதிமன்றம் விதித்தது பத்து நாள். சிறை எடுத்துக்கொண்டது உயிரை. தில்லையாடி வள்ளியம்மையின் வரலாறும் இத்தகையதே. 1913இன் இறுதியில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்ற அச்சிறுமி, காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் துறந்தாள். அவளைத் தியாகத்தின் சின்னமாகப் போற்றுகிறோம், அது தகும். ஆயின் ஒரு பெண் மகவைச் சிறையுள் நோய் தின்றது எப்படி என்ற கேள்வியையும் அப்போற்றுதலோடு சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1964 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட நெல்சன் மண்டேலா, கேப்டவுனை அடுத்த ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இருபத்தேழு ஆண்டுச் சிறைவாழ்வில் பதினெட்டு ஆண்டுகளை அத்தீவிலேயே கழித்தார். மூன்று எட்டு வைத்தால் முடிந்துவிடும் அறை. பகலெல்லாம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை. வெண்பாறையில் பட்டெதிரொளிக்கும் வெயில் கண்களைக் கெடுத்தது. தொடக்க ஆண்டுகளில் ஆறு மாதத்திற்கு ஒரு கடிதம், ஆறு மாதத்திற்கு ஒரு சந்திப்பு. வந்த கடிதத்திலும் தணிக்கையாளர் வரிகளை வெட்டியெடுத்த ஓட்டைகள்.

இன ஒதுக்கல் சிறைக்குள்ளும் தட்டில் சோறாகவும் இடுப்பில் துணியாகவும் நுழைந்திருந்தது. மண்டேலாவோடு தண்டனை பெற்றவர்களுள் அகமது கத்ராடா இந்திய வழியினர். அவருக்கு முழுக்காற்சட்டை, கறுப்பினத்தாருக்குச் சிறுவர் அணியும் அரைக்காற்சட்டை. உணவிலும் அதே பாகுபாடு. இன வேறுபாடு கூடாது என்று 1955 விதிகள் கூறி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அரைக்காற்சட்டை ஒரு சிறு பொருள் என்று கருதுவார் உளர். வளர்ந்த ஓர் ஆண்மகனை நாள்தோறும் காலையில் ‘நீ பையன்’ என்று அழைப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழி ஏது? அங்கிருந்தோர் ஆடைக்காகவும் உணவுக்காகவும் கண்ணாடிக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடினர். செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து கேட்டுச் சென்றனர். 1967இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஹெலன் சுஸ்மன் வந்தபொழுது, கையில் ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்த காவலர் ஒருவரைப் பற்றி மண்டேலா எடுத்துரைத்தார். பின்னர் அக்காவலர் தீவிலிருந்து அகற்றப்பட்டார். வெளியிலிருந்து ஒரு கண் வந்தபொழுதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று சற்றே அசைந்தது.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் மற்றொரு செய்தியையும் கூறாமல் இருக்கவியலாது. அத்தீவில் 1970களில் சிறைப்பட்டிருந்த சன்னி வெங்கடரத்தினம் என்பவர் ஷேக்ஸ்பியரின் முழுத்தொகுதி ஒன்றை வைத்திருந்தார். காவலர் அதனைப் பறிக்காதிருக்கும் பொருட்டுத் தீபாவளி வாழ்த்து அட்டைகளில் இருந்த தெய்வப் படங்களை அதன் அட்டையில் ஒட்டினார். சமய நூல் என்று காவலர் நம்பிவிட்டனர். அந்நூல் அறைதோறும் கைமாறியது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தத்தம் உள்ளத்தைத் தொட்ட பகுதிக்கு எதிரே கையெழுத்திட்டனர். 1977 டிசம்பர் 16 நாளிட்டு மண்டேலா கையெழுத்திட்ட இடம், ஜூலியஸ் சீசர் நாடகத்தில் சாவுக்கு அஞ்சாமையைப் பேசும் பகுதி. சிறைதோறும் நூலகம் வேண்டும் என்னும் விதி ஏன் நீருக்கும் ஒளிக்கும் அருகில் இடம் பெறுகிறது என்பதற்கு இந்நூலே உரை.

பதினைந்து நாள்

1955 விதிகள் அரை நூற்றாண்டு கண்டுவிட்டன. இடைப்பட்ட காலத்தில் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை 1984இலும், அதன்படி சிறைகளை நேரில் சென்று பார்வையிடும் முறையை வகுத்த இணைப்பு 2002இலும் உருவாயின. பெண் கைதிகளுக்கெனத் தனியே எழுபது விதிகள், பாங்காக் விதிகள் என்னும் பெயரால் 2010இல் ஏற்கப்பட்டன. ஆண்களை மனத்தில் கொண்டே கட்டப்பட்ட சிறைகளில், கருவுற்றவர்க்கும் தாயுடன் இருக்கும் குழந்தைக்கும் என்ன வேண்டும் என்பதை உலகம் அப்பொழுதுதான் முழுமையாகக் கேட்டது. அதே 2010இல் பழைய விதிகளைத் திருத்த நாடுகளின் நிபுணர் குழு ஒன்றை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அமைத்தது. அக்குழுவின் இறுதிக் கூட்டம் 2015 மார்ச்சில் நடைபெற்ற இடம் கேப்டவுன். திருத்திய விதிகளைப் பொதுச்சபை 2015 டிசம்பர் 17 அன்று ஏற்று, நெல்சன் மண்டேலா விதிகள் எனப் பெயரிட்டது. அவை 122.

அவற்றுள் பெரும் போராட்டத்தின் விளைவாக வந்தது தனிமைச் சிறை பற்றிய வரையறை. ஒரு நாளில் இருபத்திரண்டு மணிநேரமோ அதற்கு மேலோ, பொருளுள்ள மனிதத் தொடர்பு இன்றி அடைத்து வைத்தல் தனிமைச் சிறை. அது தொடர்ந்து பதினைந்து நாள்களைக் கடந்தால் நீடித்த தனிமைச் சிறை. அது முற்றாகத் தடுக்கப்பட்டது. இப்பதினைந்து என்னும் எண் எங்கிருந்து வந்தது? சித்திரவதை பற்றி ஆராய ஐக்கிய நாடுகள் அவை அமர்த்திய சிறப்பு அறிக்கையாளர் குவான் மெண்டெஸ், 2011இல் அளித்த அறிக்கையில் அதனை முன்வைத்தார். தனிமை மனத்தில் விளைக்கும் கேடுகளுள் சில அவ்வெல்லையைக் கடந்தால் மீளாதவையாகிவிடக் கூடும் என்னும் ஆய்வுகளை அவர் சான்று காட்டினார். வழக்கறிஞரான மெண்டெஸ், 1970களில் தம் தாய்நாடான அர்ஜென்டினாவில் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானவர். டிக்கன்ஸ் கண்டு அஞ்சிய அக்காயத்திற்கு, அதனை உள்ளிருந்து அறிந்த ஒருவர் நாள் கணக்கை வகுத்தார்.

புதிய விதிகள் மருத்துவரைத் தண்டனைப் பொறுப்பினின்று விடுவித்தன. கைதியின் நலனையன்றி வேறெதற்கும் அவர் கையொப்பம் இடலாகாது. வெளியில் உள்ள மக்களுக்குக் கிடைக்கும் தரத்தில் சிறையிலும் மருத்துவம் வேண்டும். பிள்ளைப்பேற்றின்போதும் அதனை ஒட்டியும் பெண்ணுக்கு விலங்கு பூட்டலாகாது. சிறைத்துறையைச் சாராத வெளியார் வந்து பார்வையிடும் ஏற்பாடு வேண்டும். உணவைக் குறைப்பதும் குடிநீரைக் குறைப்பதும் இனித் தண்டனையாக ஆகா. குடிநீர் என்னும் சொல்லை அவ்விடத்தில் பெயர் சொல்லியே எழுதினர். குடவாயிற் கோட்டத்தை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அங்கு நின்ற காவலனுக்கு உரிய விடை அந்த வரியில் இருக்கிறது.

திகாரிலிருந்து ஒரு கடிதம்

இந்திய மண்ணில் இச்சிந்தனை வேர் பிடித்ததற்கும் ஒரு கைதியின் குரலே காரணம். செக்கிழுத்த செம்மலை நாம் அறிவோம். 1908இல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். அவ்வனுபவத்தைத் தம் வரலாற்றில் செய்யுளாகவே பாடி வைத்தார். அச்சிறைக்கு அடிப்படையான காலனியச் சட்டமோ 1894இல் பிறந்து, நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் நின்றது.

அச்சட்டத்தைக் காட்டித் தனியறையில் அடைக்கப்பட்டவர்களுள் ஒருவர், தில்லி திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா. அவர் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், தண்டனை உறுதியாகும் முன்னரே அவ்வாறு தனிமையில் அடைக்க அச்சட்டம் இடந்தரவில்லை என்றது. அடுத்த ஆண்டு அதே பத்ரா நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்காக அன்று, பணம் கேட்டுக் காவலர் ஒருவரால் கொடுமைப்படுத்தப்பட்ட மற்றொரு கைதிக்காக. சாவை எதிர்நோக்கியிருந்தவர் பிறர் துன்பத்திற்காக எழுதிய அக்கடிதத்தையே நீதிமன்றம் ஆட்கொணர் மனுவாக ஏற்றது. முத்திரைத்தாளும் வழக்குரைஞரும் வேண்டப்படவில்லை. தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். 1948இல் தாமே சிறைக்குள் இருந்து வந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத்துறையையும் பார்த்தவர். ஐக்கிய நாடுகளின் குறைந்தபட்ச விதிகளை அரசுகள் பின்பற்ற வேண்டும் என்றும், கைதிகளின் உரிமைகளைக் கூறும் கையேட்டை அவரவர் மொழியில் அச்சிட்டுத் தரவேண்டும் என்றும், அத்தீர்ப்பில் அவர் பணித்தார்.

பணி முடிந்துவிடவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. சிறைக்குள் துப்புரவு ஒரு சாதிக்கு, சமையல் மற்றொரு சாதிக்கு என்று பிரித்த விதிகளும் வழக்கங்களும் விடுதலை பெற்ற நாட்டில் முக்கால் நூற்றாண்டு உயிரோடிருந்தன. இதழாளர் சுகன்யா சாந்தா சிறைகளை ஆராய்ந்து எழுதி வழக்குத் தொடுத்த பின்னரே, 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்று அறிவித்தது. பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் பகுதியையும் நீக்கச் சொன்னது. ஆராயப்பட்ட சிறை விதிகளுள் தமிழ்நாட்டினுடையனவும் இருந்தன. ராபன் தீவின் அரைக்காற்சட்டையை நினைத்துச் சினம் கொள்ளும் நமக்கு, நம் வீட்டுத் துடைப்பத்தையும் நினைக்கும் கடன் உண்டு.

நம் கையில் உள்ளது

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மலரில் இக்கட்டுரைக்கு இடம் ஏன் என்று சிலர் வினவலாம். இங்கு நாம் கண்டவர்கள் பலரும் எழுதுகோல் பிடித்தவர்களே என்பது என் விடை. ஹோவர்ட் அளந்து எழுதினார், டிக்கன்ஸ் கண்டு எழுதினார், வ. உ. சி. பட்டதைப் பாடினார், பத்ரா கடிதம் எழுதினார். அவர்கள் எழுதியது அழகுக்காக அன்று. கண்டது மறைந்துவிடலாகாது என்பதற்காக. சான்று சொல்லுதல் இலக்கியத்தின் பழைய தொழில். புறநானூற்றுப் பாட்டுக்குக் குறிப்பு எழுதிய பெயரறியாப் பெரியவர், நீர் காலந்தாழ்ந்து வந்ததை விடாமல் குறித்ததனாலேயே அத்தாமதம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

செய்யத்தக்க காரியங்களும் உள. கைதி ஒருவர் சிறைக்குள் வந்தவுடன் அவருடைய உரிமைகளையும் கடமைகளையும் அவர் அறிந்த மொழியில் தெரிவித்தல் வேண்டும், எழுத்தறியாதவராயின் வாயால் சொல்லுதல் வேண்டும் என்பது மண்டேலா விதிகளுள் ஒன்று. அம்மொழி நம்மிடம் இருக்கிறது. சட்டச் சொல்லின் கடுமையை இளக்கி, பள்ளிக்கூடம் காணாத ஒருவர் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும் தமிழில் 122 விதிகளையும் சொல்லுதல், எந்த மரபுக் கவிஞரின் சொல்லாண்மைக்கும் தகுந்த சோதனை. நம் வீடுகளில் ஒருமுறை படித்து அடுக்கிய நூல்கள் சிறை நூலகங்களுக்குச் செல்லலாம். உரிய ஒப்புதல் பெற்று, ஆண்டுக்கொருமுறையேனும் நம் கவியரங்கம் மதிலுக்கு அப்பாலும் நடைபெறலாம். படிப்பதற்காக மட்டுமின்றி, அங்கிருப்போர் பாடுவதைக் கேட்பதற்காகவும்.

அவ்வாறு செல்லும் நாளில் காவலரிடமும் இரண்டு சொல் பேசுவோம். குடவாயிற் கோட்டத்துக் காவலனின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவனுக்குச் சம்பளம் கிடைத்ததா, ஓய்வு கிடைத்ததா, நீர் கொடுப்பது தன் கடமை என்று எவரேனும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தனரா என்று நமக்குத் தெரியாது. சிறைப் பணியாளருக்குத் தக்க ஊதியமும் பயிற்சியும் வேண்டும் என்று இன்றைய விதிகள் கூறுகின்றன. அவனையும் மனிதனாக நடத்திய பின்னரே, அவன் கைச் செம்பு காலத்தில் நீளும்.